மழையில் நனைந்த சாக்கு

அன்புள்ள சரவணனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். சித்தப்பா வீட்டு விசேஷத்துக்கு உன்னால் வர முடியாது என்று நானே சொல்லிவிட்டேன், அதை நினைத்து நீ சங்கடப்படாதே. போன் வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. வேலை இருக்கும். அதைக் கேட்க இதை எழுதவில்லை.

ஆண்டு மலருக்காக நீ எழுதி அனுப்பிய விமானப்படை ஸ்குவாட்ரன் வரலாற்றை இரண்டு தடவை படித்தேன். உன் தாத்தா இருந்திருந்தால் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் காட்டியிருப்பார். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ லோட் மாஸ்டர், விமானத்தில் சரக்கை ஏற்றிக் கட்டுகிறவன். நீ எழுதிய வரலாற்றில் லோடே இல்லை. யார் ஓட்டினார், யாருக்கு என்ன பதக்கம், எந்தத் தேதி, இவ்வளவுதான் இருக்கிறது.

முதல் பக்கத்தில் 1947 அக்டோபர் 27 போட்டிருக்கிறாய். சரி. 12-வது ஸ்குவாட்ரன் டகோட்டா சரக்கு விமானங்களும், கூடவே தனியார் கம்பெனி டகோட்டாக்களும் டெல்லியிலிருந்து 1-வது சீக்கியர் பட்டாளத்தை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கின. 1948 மே 24-ல் விமானி மெஹர் சிங் லடாக்கின் லேயில் டகோட்டாவை இறக்கினார், பின்னால் ஜெனரல் திம்மையா உட்கார்ந்திருந்தார். அதுவும் சரி. காற்றழுத்தம் கட்டாத விமானம், வழியெல்லாம் மலை, ஓடுபாதை பொறியாளர் சோனம் நோர்பு உள்ளூர் ஆட்களை வைத்துப் போட்ட மண் தரை. இதை எழுதின நீ, அங்கே ஒரு டகோட்டா எவ்வளவு தூக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா? உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். எஞ்சினும் இளைக்கும், இறக்கையும் இளைக்கும். டெல்லியில் தூக்குகிற எடையை அங்கே தூக்க முடியாது. அதனால்தான் லேக்கு விடிகாலையில் போய் வெயில் ஏறுமுன் திரும்புகிறோம். மதியம் காற்றும் கிளம்பிவிடும்.

1962 அக்டோபரில் ஏஎன்-12 விமானங்கள் சண்டிகரிலிருந்து லடாக்கின் சுஷூலுக்கு ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகளைக் கொண்டுபோனதை ஒரே வரியில் தாண்டிவிட்டாய். பெயரில் இருக்கிற 13 டன் கணக்குதான். இறங்கின இடம் 14 ஆயிரம் அடிக்கு மேல். சக்கர வண்டி என்றால் நாலு இடத்தில் எடை உட்காரும், டாங்கி சங்கிலிப் பட்டையில் உட்காரும். தரையில் எந்த இடத்தில் எவ்வளவு பாரம் என்று பார்த்து, பலகை போட்டுப் பரப்பி, பிறகு கட்ட வேண்டும். வரலாறு என்றால் எனக்கு அந்தப் பலகைதான்.

கட்டுவதைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். 5 டன் தாங்கும் என்று சங்கிலியில் எழுதியிருந்தால் அது நேராக இழுக்கும்போது. தரையிலிருந்து 30 டிகிரி, பக்கவாட்டில் 30 டிகிரி சாய்ந்தால் முன்னோக்கி முக்கால்வாசிதான் பிடிக்கும். இரண்டும் 45 ஆனால் பாதி. அவசரத்தில் கிட்டே இருக்கிற வளையத்தில் மாட்டுகிறவன் இந்தப் பாதியைத்தான் மாட்டுகிறான். ஜோடி ஜோடியாக, எதிரெதிராக மாட்டு. மாட்டின பிறகு கையால் இழுத்துப் பார். இன்னொருவன் இழுத்துப் பார்த்தேன் என்றாலும் நீ இழுத்துப் பார்.

டங்காயில் பாரா பட்டாளம் குதித்ததற்கு (கிழக்குப் பாகிஸ்தான், 1971 டிசம்பர் 11) இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறாய், நன்றாக வந்திருக்கிறது. ஏஎன்-12, பாக்கெட், கரிபு, டகோட்டா என்று நாலு வகை. நாலுக்கும் நாலு வேகம். மெதுவானதை முன்னால் கிளப்பி, வேகமானதைப் பின்னால் விட்டால்தான் குதிக்கிற இடமான டிராப்பிங் ஜோனில் வரிசை கலையாது. இதைச் சேர்த்துவிடு. பேர் எழுத்துப்பிழையையும் திருத்து, அது டாங்கைல், டங்காய் இல்லை. உன் அவசரம் என் பேனாவிலும் வந்துவிட்டது பார்.

1987 ஜூன் 4 ‘பூமாலை’ நடவடிக்கையும் வேண்டும். ஐந்து ஏஎன்-32, துணைக்கு மிராஜ் போர் விமானங்கள், யாழ்ப்பாணத்துக்கு மேலே சுமார் 25 டன் நிவாரணப் பொருள். அதன் அரசியலை மலரில் எழுத விடமாட்டார்கள், எழுதவும் வேண்டாம். கணக்கை மட்டும் எழுது. ஏஎன்-32 தூக்குவது 6.7 டன். வகுத்துப் பார்த்தால் விமானத்துக்கு 5 டன்தான் வருகிறது. ஏன் என்று படிக்கிற சின்னப் பையன்கள் கேட்கட்டும். கீழே இறங்காமல் திரும்ப வேண்டும், போக வர எண்ணெய் வேண்டும், பாராசூட்டுக்கும் எடை உண்டு.

பாராசூட் இல்லாமல் போடுவதையும் ஒரு பத்தி எழுது. அரிசியை உள்சாக்கில் இறுக்கித் தைத்து, வெளியே பெரிய சாக்கு தொளதொளவென்று போட வேண்டும். விழுந்ததும் உள்சாக்கு கிழியும், வெளிச்சாக்கு அரிசியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் இறுக்கினால் இரண்டும் கிழியும். உயிரோடு ஆடு ஏற்றினால் தரை விரிப்பு இல்லாமல் ஏற்றாதே, மூத்திரம் கீழே இறங்கி அலுமினியத்தை அரிக்கும். இதெல்லாம் எந்த மலரிலும் வராது.

இன்னொன்று. பொதுவாகத்தான் சொல்கிறேன். போடும்போது லோடு ராம்பில், வால் பக்கத்துச் சாய்வுக் கதவில், சிக்கி நிற்பது யாருக்கும் நடக்கும். உருளையில் கல் மாட்டியிருக்கலாம், பனி இறுகியிருக்கலாம், ஒரு கட்டு அவிழ்க்காமல் விட்டிருக்கலாம், முந்தின மூட்டையின் கயிறு சுற்றியிருக்கலாம். நின்றால் எடை முழுவதும் வாலுக்குப் போய்விடும், மூக்கு தூக்கும், பைலட் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். அப்போது முதலில் அவரிடம் சொல்ல வேண்டும், பிறகுதான் கயிற்றை அறுக்கக் கத்தியை எடுக்க வேண்டும். இடுப்புப் பட்டை இல்லாமல் ராம்ப் பக்கம் போகவே கூடாது. எல்லாம் நீ செய்திருப்பாய். செய்தாய் என்றுதான் நினைக்கிறேன். யாராவது கேட்டால் எந்த வரிசையில் செய்தாயோ அந்த வரிசையில் சொல். கூட இருந்தவனுக்காக வரிசையை மாற்றாதே. கையெழுத்து யாருடையது என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு ஏஎன்-32 என்றாலே 2016 ஜூலை 22 தான். காலையில் தாம்பரத்தில் கிளம்பி போர்ட் பிளேர் போய்ச் சேராத விமானம், 29 பேர். சூலூர் 33-வது ஸ்குவாட்ரனுடையது. எட்டு வருஷம் போல ஆன பிறகு, 2024 ஜனவரியில், சென்னை என்.ஐ.ஓ.டி. என்ற கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாக் கலம் எடுத்த படத்தில் 3400 மீட்டர் ஆழத்தில் சிதறிக் கிடந்தது தெரிந்தது. டி.வி.யில் அது வந்த அன்று அவள் சாப்பிடவில்லை. அந்த விமானத்தையும் உன் மலரில் எழுது. சரக்கும் ஆளும் சுமந்து போய் வந்த வாராந்திர ஓட்டம் அது, சண்டை இல்லை. நம்ம தொழிலில் செத்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செத்தார்கள். ரோதாங் பக்கம் 1968-ல் போன ஏஎன்-12-ல் 102 பேர். 2003-ல்தான் பனியிலிருந்து முதல் தடயம் வந்தது.

ஸ்குவாட்ரனின் 540 பதிவேட்டை நம்பி எழுதினேன் என்று சொல்லியிருந்தாய். மாதா மாதம் எழுதுகிற பதிவுதான், அதை விட்டால் வேறு ஆதாரம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 540-ல் எழுதினவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் இருக்கிறேன். நீ இரண்டாவது படிக்கும்போது, ஊர் பேர் வேண்டாம், ராத்திரி மழையில் தார்ப்பாய் விலகி சாக்குகள் நனைந்திருந்தன. திரும்ப நிறுக்க வேண்டும். தராசு அந்தக் கோடியில், வானிலை மூடிக்கொண்டிருந்தது. மூட்டை 50 கிலோ என்று முந்தின நாள் தாளைப் பார்த்தே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 90 மூட்டை. மூட்டைக்கு 4 கிலோ ஏறியிருந்தாலும் 360 கிலோ. நனைந்தவை கடைசியில் ஏறினதால் வால் பக்கம். ஓடுபாதை முடிகிற இடத்தில்தான் சக்கரம் தரையை விட்டது. கேப்டன் காற்று சரியில்லை என்றார். ஆமாம் சார் என்றேன். அன்றைய 540-ல் அந்தப் பறப்புக்கு எதிரே ‘சாதாரணம்’ என்று இருக்கிறது. அதை வைத்து யாராவது ஒருநாள் வரலாறு எழுதியிருப்பான், உன்னை மாதிரி.

உங்கம்மாவுக்குக்கூட இது தெரியாது.

திரும்ப நிறு. கையால் இழுத்துப் பார். பிறகு கையெழுத்து.

பச்சை ஸ்வெட்டரும் கைமுறுக்கும் பார்சலில் வருகின்றன. மலரைத் திருத்தி அனுப்பினால் பார்த்துத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா ஏழு மணிக்குக் கோயிலுக்குப் போனால் ஒன்பது வரை வரமாட்டாள். நான் வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா