நட்சத்திர வீரரை விற்பது துரோகமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐஸ் ஹாக்கி நட்சத்திரத்தை அவருடைய அணியே வேறு அணிக்குக் கைமாற்றுவது துரோகம் என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லின் விதிகளைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு தொடங்கும் ஜூலை 1 முதல்தான் வீரர் அதே அணியுடன் ஒப்பந்த நீட்டிப்பில் கையெழுத்திட முடியும். அந்தக் கோடையில் பேச்சு படியாவிட்டால், வாங்க வருகிறவர்கள் விலையை அடித்துப் பேசுவார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தால், அணிக்கு எதுவும் கிடைக்காமல் வீரர் சும்மாவே போய்விடுவார். கரோலினா அணி 2025 ஜனவரி 24 அன்று நட்சத்திர வீரர் மிக்கோ ரன்டனனை வாங்கியது. அவர் நீட்டிப்புக்கு இசையவில்லை. மார்ச் 7 அன்று டாலஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. ஆறே வாரம்! ஆனால் வெறுங்கையோடு நிற்கவில்லை: லோகன் ஸ்டான்கோவன் என்ற வீரரும், புது இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளும் கிடைத்தன. டாலஸ் ரன்டனனை ஆண்டுக்குச் சராசரி 1.2 கோடி டாலருக்கு எட்டு ஆண்டு கட்டிப்போட்டது.

ஓர் அணி ஒரு பருவத்தில் தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துத் தரக்கூடிய சம்பளத்துக்கு லீக் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது; இந்தச் சராசரிதான் அந்தக் கணக்கில் ஏறும். முதல் ஆண்டில் அள்ளிக்கொடுத்து, கடைசி ஆண்டில் கிள்ளிக்கொடுத்தாலும் கணக்கு அதேதான். ஆகவே தொகையைவிட விழுக்காட்டைப் பார்க்க வேண்டும். லீக் விதிப்படி ஒருவருக்கு உச்சவரம்பில் 20 விழுக்காட்டுக்கு மேல் தரக்கூடாது.  

தடுப்பாட்டக்காரர் எரிக் கார்ல்சனுக்கு சான் ஹோசே அணி 2019-இல் ஆண்டுக்கு 1.15 கோடி டாலர் வீதம் எட்டு ஆண்டு எழுதிக்கொடுத்தது. அப்போதைய உச்சவரம்பு 8.15 கோடி, அதில் இது 14 விழுக்காடு. கொரோனா வந்து உச்சவரம்பு ஏறக்குறைய அசையாமல் நின்றதால் பாரம் அவ்வளவாகக் குறையவில்லை. 2023-இல் அவர் 101 புள்ளிகள் (கோலும் கோலுக்கான உதவியும் சேர்த்து) எடுத்துச் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கிய கையோடு பிட்ஸ்பர்க்குக்கு மாற்றினார்கள், அதுவும் ஆண்டுக்கு 15 லட்சம் டாலரைத் தாங்களே சுமந்துகொண்டு. 2018-இல் அவரை சான் ஹோசேக்கு விற்ற ஒட்டாவா அணி, அதில் வந்த தேர்வு உரிமையால் 2020-இல் டிம் ஸ்டுட்ஸ்லே என்ற இளம் வீரரைப் பிடித்தது. ஆனாலும் பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகள்) ஆட 2025 வரை காத்திருந்தது. விற்பதும் சுலப மருந்தல்ல.

இப்போது காற்று மாறியிருக்கிறது. உச்சவரம்பு 2024-25-இல் 8.8 கோடி, அடுத்த பருவத்தில் 9.55 கோடி, அதற்கடுத்து 10.4 கோடி. மினசோட்டா அணி வீரர் கிரில் கப்ரிசோவின் புது ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 1.7 கோடி டாலர் என்பது மலைக்க வைத்தாலும், அது தொடங்கும் 10.4 கோடி ஆண்டிலேயே 16 விழுக்காட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். உச்சவரம்பு ஏற ஏற இந்த விழுக்காடு குறையும் என்பதால், இளம் வீரருக்கு நீண்ட ஒப்பந்தமே லாபம் என்பேன். முப்பதை நெருங்குகிறவருக்குக் கொடுப்பதானால் இரண்டு பிரிவுகளை முதலில் படிக்க வேண்டும். ஒன்று, சம்மதமின்றி மாற்றக்கூடாது என்ற பிரிவு எந்த ஆண்டு தளர்கிறது என்பது. மற்றொன்று, கையெழுத்து போனஸ். அணி ஒப்பந்தத்தை முறித்தால் 26 வயது நிறைந்தவருக்குச் சம்பள பாக்கியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தர வேண்டும். போனஸில் ஒரு டாலர்கூடக் குறையாது.

இப்படிக்கு,
ஒரு ஹாக்கி வாசகர்,
அல்சூர், பெங்களூரு-8