17-ஆம் நம்பர் போல்ட்

தூத்துக்குடி,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போன் பண்ணியபோது உனக்குக் காலை பத்தரை, எங்களுக்கு இரவு எட்டு. பட்டறையை அடைத்துவிட்டு வந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். "முன் சக்கரத்துப் பிரேக் கழற்றுறேன்பா, காலிப்பர் பிராக்கெட்டில் மேல் போல்ட் வந்துடுச்சு, கீழ் போல்ட் அசையவே மாட்டேங்குது, தலையும் உருண்டுபோச்சு" என்றாய். நான் யோசிக்காமல், "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை, கடையில் விட்டுடு" என்று சொல்லிவிட்டேன். நீயும் "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அந்த "சரிப்பா" ராத்திரி முழுக்கக் காதிலேயே நின்றது. 35 வருஷம் உப்பு லாரிகளுக்கு அடியில் படுத்து, துருப்பிடித்த நட்டும் போல்ட்டும் கழற்றித்தான் உன்னைப் படிக்க வைத்தேன். நீ கேட்டது என் தொழிலை. அதற்கு நான் அப்படிப் பதில் சொல்லியிருக்கக் கூடாது. இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன், நிதானமாகப் படி.

உன் கொரோலா காருக்கும் இங்கே வரும் லாரிகளுக்கும் நோய் ஒன்றுதான். இங்கே உப்பளத்துக் காற்று, அங்கே பனிக்காக ரோட்டில் கொட்டும் உப்பு. கனடாவில் உங்கள் ஒன்டாரியோவிலேயே காட்ரிச் என்ற ஊரில், ஹியூரான் ஏரிக்கு அடியில் 500 மீட்டருக்கும் கீழே உப்புச் சுரங்கம் இருக்கிறது. நாங்கள் வெயிலில் காய வைத்து வாருவதை அவர்கள் பூமிக்குள் வெட்டி எடுக்கிறார்கள். எங்கிருந்து வந்தாலும் உப்பு உப்புதான்: காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இரும்பைக் காய விடாது. பனிக்காலம் முழுக்கப் படிந்த உப்பு, வெயில் வந்து சூடேறும்போதுதான் வேகமாக அரிக்கும். இரும்பு துருவானால் பழைய இடத்தில் அடங்காது, பல மடங்கு ஊதும். மரைக்குள் தலைமுடி அளவுதான் இடைவெளி. ஊதின துரு அதில் ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் நீ எவ்வளவு முறுக்கியும் அது அசையவில்லை.

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எந்தப் பக்கம் திருப்பினாய்? பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைத் தாங்குகிற பிராக்கெட்டில், அந்த போல்ட்டின் தலை வண்டியின் உள்பக்கம் பார்த்து இருக்கும். நீ வெளியே உட்கார்ந்து கையை மட்டும் உள்ளே விட்டுத் திருப்பினால் இடது வலது மாறிப்போகும், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்போம். என்னிடம் வேலை பழகிய பையன்களில் பாதிப் பேர் இந்தத் தப்பைச் செய்திருக்கிறார்கள். குனிந்து, தலையை நேருக்கு நேர் பார். பார்க்கிற பக்கத்திலிருந்து கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்பு.

அடுத்தது ஸ்பேனர். கிட்டில் வரும் பாக்ஸ் ஸ்பேனர் பெரும்பாலும் 12 மூலை வைத்தது. அது மாட்டச் சுலபம், ஆனால் துரு தின்ற தலையில் மூலையை மட்டும்தான் பிடிக்கும், பலமாக இழுத்தால் உருட்டிவிடும். ஆறு மூலை பாக்ஸ் வாங்கு, அது பட்டையைப் பிடிக்கும். உன் போல்ட் 17-ஆம் நம்பர். தலை உருண்டுவிட்டதால் ஒரு அளவு சின்னதாக, 16-ஆம் நம்பர் ஆறு மூலை பாக்ஸை வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கி ஏற்று. ஏறவில்லை என்றால் அரத்தால் இரண்டு பக்கம் லேசாக ராவிவிட்டு அடி. அதற்கு முன்னால் கம்பிப் பிரஷ் போட்டுத் தலையையும் மரையின் வால் முனையையும் பளிச்சென்று தேய். அழுக்கின் மேல் எண்ணெய் விட்டால் அழுக்குதான் குடிக்கும்.

எண்ணெய் என்றால், டபிள்யூடி-40 அடித்தேன் என்றாய். அது 1953-இல் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்த மருந்து. 40-ஆவது முயற்சியில் சரியாக வந்ததால் அந்தப் பேர். நல்ல பொருள்தான், ஆனால் இறுகின மரைக்குள் ஊறுவதற்கென்றே தனி எண்ணெய் விற்கிறார்கள், அதைக் கேட்டு வாங்கு. தலைப்பக்கம் மட்டும் விடாதே, மறுபக்கம் மரை முனை தெரிந்தால் அங்கேயும் விடு. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, இரண்டு நாள். ஒவ்வொரு தடவையும் சுத்தியலால் தலையில் நேராக நாலைந்து தட்டு தட்டு. அந்த அதிர்ச்சியில் துரு நொறுங்கும், எண்ணெய் உள்ளே இறங்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு உப்பு லாரியின் ஷேக்கிள் பின், பட்டை ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் பின், மூன்று நாளாக வரவில்லை. நானும் இன்னொருவனும் ஸ்பேனர் பிடியில் பைப் மாட்டித் தொங்கினோம். மேஸ்திரி வந்து எங்களை விலக்கிவிட்டு, டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டார், சின்னச் சுத்தியலால் தட்டினார், டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து திரும்பவும் தட்டினார். காலையில் தட்டினால் "தக்" என்று மண்சுவரில் அடித்த மாதிரி கேட்டது. சாயங்காலம் "ணங்" என்று மணிச் சத்தம் வந்தது. "இப்ப வரும்" என்றார். வந்தது. அந்தச் சத்தத்தை நீயும் காது கொடுத்துக் கேள்.

அப்புறம் திருப்பும்போது கைக்குத் தெரிய வேண்டிய விஷயம். இதுதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியம், பாப்பா. முதலில் மயிரிழை அளவு இறுக்கிப் பார், அதற்குப் பிறகு கழற்று. போல்ட் விடும்போது "டக்" என்று ஒரு சத்தம் வரும், அல்லது "கிரீச்" என்று முனகும். கை திடீரென்று அரை அங்குலம் போகும், ஆனாலும் இறுக்கம் தெரியும். அது நல்ல சேதி. சத்தமே இல்லாமல், ரப்பரைத் திருகுவது போல மெத்தென்று வளைந்து கொடுத்தால் உடனே நிறுத்து. மரை விடவில்லை, இரும்பு முறுக்கிக்கொள்கிறது. இன்னும் கால் சுற்று போனால் தலை தனியாகக் கையில் வந்துவிடும். பழைய இடத்துக்கே திருப்பி, எண்ணெய் விட்டு, மறுநாள் பார். அசைந்த பிறகும் ஒரே இழுப்பில் கழற்றாதே: கால் சுற்று வெளியே, அரைக்கால் உள்ளே, கொஞ்சம் எண்ணெய். நொறுங்கின துரு வெளியே வரட்டும்.

சூடு வைக்கலாமா என்று கேட்டாய். நான் வைப்பேன். போல்ட்டுக்கு இல்லை, அதைப் பிடித்திருக்கும் காது மாதிரி நீட்டிய துளை உள்ள இரும்புக்கு. 12 மில்லி துளை 300 டிகிரி சூடேறினால் 0.04 மில்லி விரியும், அது போதும். ஆனால் அங்கே பக்கத்திலேயே பிரேக்கின் ரப்பர் குழாயும் ஏபிஎஸ் ஒயரும் போகிறது. இந்தத் தடவை நீ நெருப்பைத் தொடாதே. பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பு எப்போதுமே கூடாது. குளோரின் கலந்த வகையாக இருந்தால் சூட்டில் பாஸ்ஜீன் வரும், முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற வாயு அது.

இதற்கெல்லாம் மசியவில்லை என்றால் அப்போது கடையில் கொடு. உருண்ட தலைமேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்துத் திருப்புவார்கள், அந்தச் சூட்டிலேயே பாதி இளகிவிடும். ஒன்று மட்டும், கழற்றின மேல் போல்ட்டைத் திரும்ப மாட்டி இறுக்காமல் வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாதே.

டிஸ்க்கும், சக்கரம் மாட்டும் நடுப்பாகமான ஹப்போடு துருவில் ஒட்டியிருக்கும். அதன் முகத்தில் மரை போட்ட இரண்டு சின்னத் துளைகள் தெரியும். 8 மில்லி போல்ட் இரண்டை மாற்றி மாற்றி முறுக்கு, தானாக வெளியே தள்ளும். திரும்ப மாட்டும்போது உருண்ட போல்ட்டைத் தூரப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு. ஹப்பின் முகத்தைத் தேய்த்து காப்பர் கிரீஸ் மெலிசாகத் தடவு. சக்கர நட்டு மரைக்கு வேண்டாம், வழுக்கி அளவுக்கு மேல் இறுகும். உன் வண்டிக்கு 103 நியூட்டன் மீட்டர், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தே முறுக்கு.

ஜாக்கியை மட்டும் நம்பிப் பைப் மாட்டி இழுக்காதே, ஸ்டாண்டு வை. கண்ணாடி போட்டுக்கொள். என் பட்டறையில் ஒரு பையனுக்குத் துருச் செதில் கண்ணில் விழுந்து, ஒரு வாரம் இருட்டறையில் கிடந்தான்.

எட்டு வயதில் நீ பட்டறைக்கு வந்து ஸ்பேனரை எடுப்பாய். நான் வாங்கி வைத்துவிட்டு, "கையெல்லாம் கிரீஸ் ஆகும், வீட்டுக்குப் போ" என்பேன். உன் அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன், அவனுக்கு அதில் ஆசையே இல்லை. ஆசை இருந்தது உனக்குத்தான். அதை நான் பார்த்தும் பார்க்காமல் இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள், பாப்பா.

மேஸ்திரி எனக்குக் கொடுத்த 17-ஆம் நம்பர் ரிங் ஸ்பேனரை நாளைக்குப் பார்சல் போடுகிறேன். பிடி தேய்ந்திருக்கும், வாய் இன்னும் கச்சிதமாக இருக்கிறது. அம்மா அதே பெட்டியில் மக்ரூன் டப்பாவும் வைக்கிறாள், எண்ணெய் படாமல் ஸ்பேனரைத் துணியில் நன்றாகச் சுற்றியிருக்கிறேன். அது வந்து சேரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே எண்ணெய் விட ஆரம்பி. போல்ட் அசைந்ததும் இங்கே எத்தனை மணி என்று பார்க்காமல் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா