தீசிஸ் டைப் அடிக்க எதுக்கு இவ்ளோ காசும் கண்ணீரும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் காலேஜ்ல கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவன். ஆராய்ச்சி பண்ற பசங்க கஷ்டம் உங்க பேப்பர்ல அடிக்கடி வருது, ஸ்டைபண்டு பத்தி வருது, கைடு பத்தி வருது, ஆனா தீசிஸ் டைப் அடிக்கிற கொடுமைய பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கல, அதான் எழுதுறேன்.

என் அண்ணன் பொண்ணு மேத்ஸ்ல பிஎச்டி. தீசிஸ ஒரு டிடிபி சென்டர்ல குடுத்துச்சு, சாதா பக்கத்துக்கு ஒரு ரேட், ஈக்குவேஷன் வந்தா டபுள் ரேட். சரி போகட்டும்னு பாத்தா, மூணாவது சாப்டர்ல நடுவுல ஒரே ஒரு ஈக்குவேஷன சேக்கச் சொன்னார் கைடு, அவ்ளோதான், 3.5க்கு அப்புறம் எல்லா நம்பரும் ஒண்ணு தள்ளிப் போச்சு, "3.9ன் படி"ன்னு வர்ற இடத்தையெல்லாம் தேடித்தேடி கையால மாத்தணும், டைப் அடிக்கிற தம்பிக்கு கணக்கு தெரியாது பாவம், பாதிய மாத்தி பாதிய விட்டுட்டான். ராத்திரி 1 மணிக்கு எங்க வீட்டு ஹால்ல பிரிண்ட்அவுட்ட பரப்பி வெச்சுக்கிட்டு, கையில சிவப்பு பேனாவோட அழுதுக்கிட்டு இருந்துச்சு புள்ள.

இந்த வேலைய தானா செய்ய லிக்ஸ்னு (LyX) ஒரு சாஃப்ட்வேர் இருக்குங்க. ஜெர்மனில மத்தியாஸ் எட்ரிச்னு ஒரு காலேஜ் பையன் 1995ல ஆரம்பிச்சது, பத்து பைசா குடுக்க வேணாம். ஈக்குவேஷனுக்கு ஒரு பேர் வெச்சுட்டா நம்பர் போடுறது அதோட பாடு, நடுவுல பத்து சேத்தாலும் பிடிஎஃப் எடுக்கும்போது எல்லாம் சரியா வந்து உக்காந்துக்கும். கன்ட்ரோல் எம் அடிச்சா ஒரு பெட்டி வரும், பேக்ஸ்லாஷ் போட்டு ஃப்ராக்னு அடிச்சு ஸ்பேஸ் தட்டினா மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு பின்னம் எழுத ரெண்டு கட்டம் வந்துரும். எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, ஸ்பேஸ் பார ரெண்டு தடவ தட்டினாலும் ஒரு ஸ்பேஸ்தான் விழும், என்டர தட்டித்தட்டி தலைப்ப நடுவுக்கு தள்ற நம்மாளுங்க பழக்கமெல்லாம் அதுகிட்ட எடுபடாது. இது தலைப்பு, இது தேற்றம்னு மட்டும் சொன்னா போதும், பக்கத்த அழகா வடிவமைக்கிறத உள்ள இருக்கிற லேடெக்ங்கிற (LaTeX) இன்னொரு சாஃப்ட்வேர் பாத்துக்கும்.

அந்த லேடெக்குக்கும் அடியில இருக்கிறது டெக் (TeX), பக்கத்த அச்சுக்கு அடுக்கித் தர்ற சாஃப்ட்வேர், டொனால்ட் நூத்னு ஒரு அமெரிக்க கம்ப்யூட்டர் விஞ்ஞானி எழுதினது. 1977ல தன்னோட புத்தகத்தோட ப்ரூஃப் கண்றாவியா வந்திருக்குன்னு கடுப்பாகி அந்த மனுஷன் தானே உக்காந்து எழுத ஆரம்பிச்சுட்டார். அதோட வெர்ஷன் நம்பர், வட்டக் கணக்குல வர்ற பை (π) மதிப்பு மாதிரி ஒவ்வொரு இலக்கமா நீண்டுக்கிட்டே போகும், 2021ல வந்தது 3.141592653. கணக்குக்காரன் குசும்பு!

குறையே இல்லன்னு சொல்ல வரல. டெக் எல்லாத்தையும் சேத்து இறக்கினா பல ஜிபி ஆகும், ஹாஸ்டல் நெட்ல உயிரே போயிரும். எரர் வந்தா அது என்ன சொல்ல வருதுன்னு புரிய ஒரு வாரம் ஆகும். தமிழ்ல எழுதணும்னா செட்டிங்ஸ்ல நான்-டெக் ஃபான்ட்ஸ்னு இருக்கிறத டிக் பண்ணி யூனிகோட் ஃபான்ட்ட தேர்ந்தெடுத்து, யூனிகோட் புரிஞ்ச டெக் வகையான சீடெக் (XeTeX) வழியா பிடிஎஃப் எடுக்கணும், இத யாராவது பக்கத்துல உக்காந்து சொல்லித்தந்தாதான் உண்டு.

நான் கேக்கிறது ரெண்டே ரெண்டுதான். பிஎச்டி சேந்த உடனே ரிசர்ச் மெத்தடாலஜின்னு ஒரு பேப்பர் வைக்கிறாங்கல்ல, அதுல ஒரு நாள் மத்தியானம் இத சொல்லிக்குடுங்க. அப்புறம் ஆபீஸ்ல "வேர்டு ஃபைலாதான் வேணும்"னு அடம் புடிக்காம பிடிஎஃப் குடுத்தா வாங்கிக்கங்க, ஏன்னா லிக்ஸ்லேர்ந்து வேர்டுக்கு மாத்தினா ஈக்குவேஷன் எல்லாம் கந்தலாகிடும்.

அண்ணன் பொண்ணு இப்ப நாலாவது சாப்டர்லேர்ந்து தானே லிக்ஸ்ல அடிக்குது. ஒரு டேபிள் மட்டும் பக்கத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டே நிக்குது, எங்க ரெண்டு பேருக்கும் வழி தெரியல, வாசகர்கள்ல தெரிஞ்சவங்க இருந்தா இதே பகுதியில எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு பழைய கணக்கு வாத்தியார்,
திருச்சி