எரிந்த தரவையில் உடனே மாட்டை விடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று பிடித்துவிட்டால் திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பக்கம் ஏதாவது ஒரு தரவையில், அதாவது மாடு மேயும் புல்வெளியில், புகை எழும்பாமல் இராது. இது மின்னல் விழுந்து பற்றுகிற தீ இல்லை, இங்கே மின்னல் வருவதே மழையோடுதான். பச்சைப்புல் முளைக்கட்டும் என்றும், முயல் வேட்டைக்கும், சேனைப் பயிருக்குக் காடு வெட்டவும் ஆட்களே வைக்கிற தீ. பிறகு பேச்சு வந்தால் மாடு மேய்ந்துதான் காடு அழிந்தது என்று பழியை முழுக்க மாட்டின் மேலே போடுகிறார்கள். இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

எரிந்த தரையில் ஒரு இலுக்குப் புல்லைப் பிடுங்கிப் பாருங்கள். மேலே கரிக்கட்டை, கீழே வெள்ளை வெளேரென்று கணுக்கணுவாக ஓடுகிற கிழங்கு, நுனி ஊசி மாதிரி. தீயின் சூடு மண்ணுக்குள் அவ்வளவு ஆழம் இறங்காது, அதனால் சில நாட்களிலேயே இலுக்கு துளிர்த்துவிடும், எரிந்த பிறகு பூக்கவும் செய்யும். பக்கத்தில் விரல் உயரத்துக்கு நின்ற பாலைக் கன்றும் வீரைக் கன்றும் போனது போனதுதான். வருடா வருடம் எரித்தால் கடைசியில் மிஞ்சுவது இலுக்கு மட்டுமே. அதற்கு ஆகாத ஒன்று நிழல், ஆனால் நிழல் தர ஒரு மரத்தையாவது வளரவிட்டால்தானே!

மாடு அளவாக மேய்ந்தால் உயரமான புல் குறையும், காய்ந்து தீக்குத் தீனியாகக் கிடப்பதும் குறையும், அடியில் நெருஞ்சி, விஷ்ணுகிரந்தி போன்ற சின்னச் செடிகளுக்கு வெயில் கிடைக்கும். அளவு மீறினால் மாடு வாய் வைக்காத நாயுண்ணி, எருக்கலை, ஆவாரை இவைதான் நிற்கும். எல்லாவற்றிலும் மோசமானது எரித்த கையோடு மாட்டுப் பட்டியை இறக்குவது. இளந்துளிர் நன்றாக இருக்கும், மாடு அதையே திரும்பத் திரும்பக் கடிக்கும், நல்ல புல்லின் வேர் சோர்ந்து போகும், ஐப்பசி மழை வெறும் மண்ணில் விழுந்து மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகும். அப்புறம் அங்கே என்ன முளைக்கும்?

2006இல் போரால் இடம்பெயர்ந்து 2015 முதல் திரும்பிய பக்கத்துச் சம்பூர் மக்கள் பற்றை மூடிய வளவைத் துப்புரவாக்க ஒரு தடவை எரித்திருந்தால் அதை யாரும் குறை சொல்ல முடியாது. நான் சொல்வது வருடா வருடம் வைக்கிற தீயை.

மாடு வைத்திருக்கும் பட்டிக்காரரைத் திட்டியும் பயனில்லை. பெரும்போக நெல் விதைப்புக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இந்தத் திகதிக்குள் வயலை விட்டு மாடுகளை அகற்ற வேண்டும், தவறினால் தண்டம் என்று தீர்மானிக்கிறார்கள். சரி, அந்த மாடுகள் எங்கே போவது? அதற்குப் பதில் இல்லாததால் அவை எரிந்த தரவைக்கே போகின்றன, அதுவும் துளிர் விடுகிற அதே வாரங்களில்.

ஆகவே பிரதேச செயலாளர்களிடம் கேட்கிறேன்: அதே கூட்டத்தில் இதையும் சேர்த்துப் பேசுங்கள். இந்த வருடம் எரிந்த தரவை எது, மழை பெய்து புல் முழங்கால் உயரம் வரும்வரை மாடு போகாமல் அதை விட்டுவைக்க முடியுமா, அதுவரை பட்டிகளுக்கு வேறு எந்த இடம் என்று முடிவெடுங்கள். தீ பரவாமல் ஆனி மாதமே தீத்தடுப்புப் பாதை வெட்டிவிட வன இலாகாவையும் கூப்பிடுங்கள். பட்டிக்காரரைக் கட்டாயம் கூப்பிடுங்கள், எந்தத் தரவையில் எப்போது என்ன புல் வரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
மூதூர் வாசகர் ஒருவர்