வயர் இல்லாத வயரிங்

உப்புவெளி,
திருகோணமலை

மச்சான்,

இவ்வளவு நாளும் பதில் போடாததற்கு ஏசுவாய், ஏசு. வீட்டில் எல்லாரும் சுகம். மீசை மாஸ்டர் இன்னும் அதே சைக்கிள்தான், அதே பெல்தான்.

விஷயம் அண்ணரைப் பற்றியது. போன வருடம் அட்டாக்கில் தப்பியவர் அல்லவா, இப்போது இருந்தாற்போல நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம். ஈசிஜி எடுத்தோம். நான் வயரிங் வேலைக்காரன் என்று தெரிந்ததும் டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விளங்கப்படுத்தத் தொடங்கிவிட்டார்.

இதயத்தில் வயரிங் கொஞ்சம்தானடா! மேலே உள்ள வலது சோணையறையில் ஒரு கணு, கரண்ட் பிறப்பது அங்கே. சோணையறைக்கும் கீழே உள்ள இதயவறைக்கும் நடுவில் இன்னொரு கணு அதைச் செக்கனில் பத்திலொரு பங்கு பிடித்து வைக்கிறது, மேலே உள்ள இரத்தம் முதலில் கீழே இறங்கட்டும் என்று. ஈசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டம் 0.04 செக்கன், இரவு அடிமட்டத்தோடு எண்ணிக்கொண்டிருந்து மனுசியிடம் வாங்கிக் கட்டினேன். அந்தக் கணு விட்டபிறகு கரண்டுக்கு இதயவறை நார்களில் செக்கனுக்கு 2 முதல் 4 மீற்றர் ஓட்டம். நார் முடிந்தால் வயரும் முடிந்தது. தசைக்கலமே பக்கத்துக் கலத்துக்குக் கையளிக்க வேண்டும்.

எப்படியென்றால், கனெக்சின் என்ற புரதம் ஆறு சேர்ந்தால் அரைக் குழாய். இந்தக் கலத்தின் அரையும் அந்தக் கலத்தின் அரையும் பொருந்தி முழுக் குழாயாகிறது. அதற்குள்ளால் மின்னேற்றமுள்ள அயன்கள் போய் அடுத்த கலத்தைக் கிளப்பிவிடும். குழாய்கள் கலத்தின் நுனிகளில்தான் அதிகம். அதனால் நீளவாக்கில் வேகம், குறுக்கே மந்தம். காயப்பட்ட கலத்துக்குள் கல்சியம் ஏறினால் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. சாகிற கலம் அயலாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதில்லை, பார்.

அண்ணருக்கு அட்டாக்கில் செத்த இடம் இப்போது தழும்பு. கரண்ட் அதைக் கடக்காது. ஆனால் தழும்புக்குள் தப்பிக் கிடக்கும் சில தசையிழைகள் வழியே ஊர்ந்து பிந்தி வெளியே வருகிறது. அந்நேரம் வெளித்தசை ஓய்ந்து தயாராக இருந்தால் திரும்பவும் பற்றி, அந்த வட்டத்திலேயே சுற்றத் தொடங்கிவிடும். படபடப்பு அதுவோ என்றுதான் டொக்டருக்குச் சந்தேகம். என் தொழிலில் என்றால் மெயினை நிறுத்திவிட்டுப் பிழை தேடலாம். எனக்கு நித்திரை வரவில்லை மச்சான்.

24 மணி நேரம் நெஞ்சில் கட்டிப் பதிகிற கருவி போடச் சொல்கிறார்கள். இவரோ அதோடு கோணேசர் கோயிலுக்குப் போக வெட்கமாம்! சண்டை பிடித்துக் களைத்துவிட்டேன். அந்தக் கணவாய்க் கறிக் கதைக்குப் பிறகும் உன் சொல்லைத்தான் கேட்பார். ஒரு கோல் எடு. எட்டரைக்குப் பிறகு எடு, அதற்கு முதல் நியூஸ் பார்ப்பார்.

உன் மச்சான்