விளையாட்டின் வழியே கிட்டார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம் மூலம் கிட்டார் கற்க முடியுமா என்று பெற்றோர் பலர் ஐயுறுகின்றனர். 2005-இல் வந்த ‘கிட்டார் ஹீரோ’ ஐந்து வண்ணப் பொத்தான்கள் கொண்ட பிளாஸ்டிக் கருவியால் ஆடப்பட்டதால், தாள உணர்வை வளர்த்ததே தவிர, கிட்டாரைக் கற்றுத் தரவில்லை. ஆனால், 2011-இல் வெளியான ‘ராக்ஸ்மித்’, உண்மையான மின் கிட்டாரையே கேபிள் வழியாக இணைத்து, நாம் மீட்டும் சுரத்தைக் கேட்டறிந்து, தடுமாறும்போது சுரங்களைக் குறைத்தும், கை தேறும்போது கூட்டியும் தருகிறது. கடினமான பகுதியை வேகம் குறைத்துத் திரும்பத் திரும்ப வாசிக்கவும் முடிகிறது. விரல்நுனி வலிக்கும் முதல் வாரங்களிலேயே பலர் கிட்டாரைக் கைவிடுவதைக் கண்டு வருந்தும் எனக்கு, இது பெரும் உதவியாகவே தோன்றுகிறது. எனினும், மணிக்கட்டு தவறாக வளைந்திருப்பதை விளையாட்டு காணாது. ஆகவே, பிள்ளைகளின் கைநிலையை ஆசிரியர் ஒருவர் அவ்வப்போது பார்த்துத் திருத்தப் பெற்றோர் வழிசெய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இசை ஆர்வலர் ஒருவர்