விலைச்சீட்டைப் பற்றி அப்பா எழுதுவது

தக்கலை
ஞாயிற்றுக்கிழமை

மக்ளே,

நீ அனுப்பின பார்சல் வந்தது. ஆறு உடுப்பையும் அம்மா கட்டிலில் விரித்துப் போட்டு, ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் வெளிப்பக்கம். அவள் பழக்கம் உனக்குத் தெரிந்ததுதானே. உன் ஃபேஷன் படிப்புக்காக நீ எழுதின ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை நான் நம்ம துணிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து படித்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, தெரியும்பா" என்று வெட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

டிசைனுக்கும் ஸ்டைலிங்குக்கும் நல்ல மார்க், விலை, சரக்கு, விற்பனை பார்க்கிற மெர்ச்சண்டைசிங்கில் மட்டும் குறைத்துவிட்டார்கள், அது கணக்குப்பிள்ளை வேலை, குறைந்தால் குறையட்டும் என்றாய். கணக்குப்பிள்ளை வீட்டுச் சோற்றில்தான் நீ வளர்ந்தாய் என்பதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் நீ எடுத்திருக்கிற விஷயத்துக்கு அந்தக் கணக்குதான் உயிர் என்று எனக்குப் படுகிறது.

தோள்சீலைப் போராட்டத்தை எடுத்திருக்கிறாய், அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மாரை மறைக்கிற உரிமைக்காக நடத்தினதை. இந்தக் குமரி மாவட்டத்துப் பெண் ஃபேஷன் படிக்கப் போய் அதைத் தொடாமல் வந்தால்தான் ஆச்சரியம். ஆனால் ரிப்போர்ட்டில் ஒரே பத்தியில் "பெண்களின் உரிமைப் போராட்டம்" என்று எழுதித் தாண்டிவிட்டாய். துணிக்காரன் கண்ணால் பார்த்தால் அங்கே இன்னும் நிறைய இருக்கிறது. திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில், கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. அந்தத் தொளதொளச் சட்டைக்கு வடிவம் கொடுத்தவர்கள் மிஷனரிகளான மீட், மால்ட் இருவரின் மனைவிமார். நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்ததும் அந்த மால்ட் அம்மாதான். டிசைனர் என்று சொல்ல வேண்டுமானால் நம்ம பக்கத்தில் அவர்களிலிருந்து தொடங்கலாம். ஆனால் போட்டவர்களுக்கு அந்தச் சட்டை போதவில்லை, அதைக் கவனி. சட்டைக்கு மேலே மேல்முண்டும் போட்டார்கள், உயர்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரியே. 1820களிலும் பிறகு 1850களிலும் கலவரம் வெடித்தது அதனால்தான். பொது இடத்தில் பெண்களின் துணியை இழுத்துக் கிழித்தார்கள்.

1859 ஜூலை 26ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவின் விளம்பரம், அதாவது அரசு அறிவிப்பு, வந்தது. அனுமதி கிடைத்தது என்று நீ எழுதியிருக்கிறாய். என்ன அனுமதி என்று எழுதவில்லை. சட்டை போடலாம். முரட்டுத் துணியை மீன்பிடிக்கிற முக்குவர் பெண்கள் கட்டுகிற மாதிரி கட்டிக்கொள்ளலாம். எந்த விதத்திலும் மாரை மறைக்கலாம். உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் கூடாது. துணி எந்த ரகம், எப்படிக் கட்டுவது, யாரைப்போலத் தெரியலாம், யாரைப்போலத் தெரியக்கூடாது, எல்லாம் அதில் இருக்கிறது. நீ படிக்கிற ஸ்டைலிங்கை ஒரு ராஜா அரசாணையாகவே போட்டிருக்கிறார். உன் ரிப்போர்ட்டின் முதல் பக்கம் இதுவாக இருந்திருக்க வேண்டும்.

சரி, இப்போது விலைப்பட்டியலுக்கு வருவோம். ஆறில் ஐந்து உடுப்பு ஆறாயிரத்துக்கு மேலே போகிறது. அடி உதைக்கு நடுவிலும் மேல்முண்டை விடாத பெண்களை வைத்துச் செய்த உடுப்பு. அவர்கள் வம்சத்தில் வந்த ஒருத்தி நம்ம கடைக்குள் வருவாள், கையில் எடுப்பாள், கழுத்துக்குப் பின்னால் தொங்குகிற சீட்டைத் திருப்பிப் பார்ப்பாள், மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டு நைட்டி ரேக் பக்கம் போய்விடுவாள். நான் தினம் பார்க்கிற காட்சி இது. நீ இதைப் போடக்கூடாது என்று இன்றைக்கு ராஜா வந்து சொல்ல வேண்டியதில்லை மக்ளே, அந்தச் சீட்டே சொல்லிவிடும். உன் ஆசிரியர் இதற்காகத்தான் மார்க்கைக் குறைத்தாரா என்று தெரியாது. நானாக இருந்தால் இதற்காகவே குறைத்திருப்பேன்.

ஆறாவது உடுப்புக்கு மட்டும் 2,600 போட்டிருக்கிறாய். அந்த ஹாஃப் வைட் கைத்தறி டாப்பும் தோளில் வரும் குட்டை மேல்துண்டான நேரியலும் எனக்குப் பிடித்தது. விலை பிடிக்கவில்லை. ஒரு உடுப்பின் விலை 2,500 வரைக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. 2025 செப்டம்பர் 22 முதல் இதுதான் கணக்கு. நீ போட்ட 2,600க்கு வரி சேர்த்தால் 3,068. நூறு ரூபாய் குறைத்து 2,500 வைத்தால் 2,625. நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டு வாங்குகிறவள் தலையில் 443 ரூபாய் ஏற்றியிருக்கிறாய். கடைக்காரர்கள் 2,501க்கும் 2,700க்கும் நடுவில் விலை வைக்க யோசிப்பது இதனால்தான்.

குறைக்க இடமும் இருக்கிறது. உன் காஸ்டிங் தாளில் துணி 770, தையல் 400, கையால் பின்னின லேஸ் நாலு மீட்டருக்கு 600, பட்டன் நூல் இஸ்திரி வகையறா 80. லேஸை விளிம்பு முழுக்க ஓட்டியிருக்கிறாய். கீழ்விளிம்பில் அது யார் கண்ணிலும் படவில்லை, ஸ்கூட்டரில் ஏறினால் முதலில் கிழியப்போவதும் அதுதான். தோளில் மட்டும் அரை மீட்டர் வை. 75 ரூபாயோடு போகும். லேஸ் பின்னுகிற பெண்ணிடம் விலையைக் குறைக்கச் சொல்லி மட்டும் கேட்காதே. அவள் கூலியில் கை வைக்காமல், இடத்தைக் குறைத்துக்கொள்.

திருப்பூரில் பயிற்சிக்கு இருந்தபோது நீயே சொன்னாய், அங்கே மெர்ச்சண்டைசர் மேசைக்குப் போகாமல் ஒரு துணியும் நகராது என்று. லேப் டிப் என்கிற சாய மாதிரித் துண்டை அனுப்புவதும், வாங்குகிற பையர் ஒத்துக்கொள்கிற வரை நிறத்தைத் திரும்பத் திரும்பப் போட வைப்பதும், எல்லா அளவிலும் தைத்துக் காட்டுகிற சைஸ் செட், உற்பத்திக்கு முன்னால் காட்டுகிற பி.பி. சாம்பிள், கப்பல் தேதி என்று அடித்துக்கொள்வதும் அந்த மேசைதான். வரைந்தவர் பெயர் வெளியே தெரியும். வரைந்தது ஊரில் பத்துப் பேர் உடம்பில் ஏறுவதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறவர்தான் பொறுப்பு.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முட்டம் பாறையில் எடுத்தவை நன்றாக இருக்கின்றன. நேரியல் காற்றில் எழும்புவதிலேயே துணி எவ்வளவு லேசு என்று தெரிந்துவிடுகிறது. பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் எடுத்தது சுமார். கல்யாண ஆல்பம் எடுக்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் வருகிறார்கள்.

ஆனால் குளச்சல் கடற்கரையில் எடுத்த படத்தை எடுத்துவிடு. மாடலை முன்னால் நிறுத்தி, மீன் கூடையோடு போகிற அம்மாவைப் பின்னால் மங்கலாக விட்டிருக்கிறாயே, அதைச் சொல்கிறேன். உழைக்கிறவளைத் திரைச்சீலை ஆக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அது ஒரு பக்கம். அப்புறம் நான் அந்த அம்மாவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, முந்தானையை இடுப்பைச் சுற்றி இறுக்கி, மேலே ஆண்பிள்ளைச் சட்டை, சட்டைக்கு மேலே தோளில் துண்டு. தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை. மணலில் வேகமாக நடக்கிறாள், உடம்பில் ஒன்றும் நழுவவில்லை. உன் மாடல் சும்மா நிற்கிறாள், ஆனால் நேரியலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். 1859 விளம்பரத்தில் சொன்ன கட்டு இதுவேதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். என்றாலும் அந்த அம்மாவிடம் போய் எப்படிக் கட்டுகிறீர்கள் என்று நீ கேட்டிருந்தால் ஏழாவது உடுப்பு கையோடு கிடைத்திருக்கும்.

அம்மா சொன்னதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் தனியாக ஒரு கடிதம் போடுவாள். கைக்குழியை ரொம்பக் கீழே இறக்கிவிட்டாயாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்து, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கச் சொன்னாள். டாப்பு முழுக்க மேலே ஏறிவிட்டது, நேரியல் முதுகுப்பக்கம் போய்விட்டது. கைக்குழியை அரை இஞ்ச் மேலே ஏற்றி, ஜிப்பாவுக்கு வைப்பது மாதிரி கக்கத்தில் ஒரு சதுரத் துண்டு வைத்தால் கை தாராளமாகத் தூக்கலாம், உடம்புத் துணி இருந்த இடத்திலேயே இருக்கும் என்கிறாள். நேரியல் நழுவாமல் இருக்கத் தோளில் ஒரு பட்டியும் பட்டனும். பட்டியை அந்த அரை மீட்டர் லேஸ் மறைத்துவிடும்.

இன்னொன்று. வடசேரித் துணியைத் தண்ணீரில் போடாமல் வெட்டியிருக்கிறாய். அவள் ஒன்றை நனைத்துக் காயப்போட்டாள், கை நீளம் முக்கால் இஞ்ச் ஏறிவிட்டது. மூன்றாவது உடுப்பில் நேரியலை இழைக்குச் சாய்வாகக் கிராஸில் வெட்டி, பாரிஸ் டிசைனர் வியோனே அம்மாவின் பாணி என்று எழுதியிருக்கிறாய். அழகாகத்தான் விழுகிறது. கிராஸ் கட் பிளவுஸ் தைத்தே காலம் தள்ளினவள் அம்மா, அவளுக்கு வியோனே யாரென்று தெரியாது, ஆனால் கரை போட்ட துணியைச் சாய்வாக வெட்டினால் எவ்வளவு குப்பைக்குப் போகும் என்று தெரியும். வெட்டி மிஞ்சின துண்டுகளை என்ன செய்தாய் என்று கேட்கச் சொன்னாள்.

விற்பனைத் திட்டத்தில் ஸ்பிரிங் சம்மர், ஆட்டம் விண்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு மழையும் வாங்குகிற ஊர் இது. ஜூனில் யூனிபார்ம். அதே மழையில் ஈரம் ஏறினால் ஹாஃப் வைட்டில் மஞ்சள் புள்ளி விழும், அதனால் அப்போது வெள்ளைச் சரக்கைக் கொஞ்சமாகத்தான் வைப்போம். அப்புறம் ஓணம், அப்போது அதே ஹாஃப் வைட் தட்டுப்பாடு. தீபாவளி. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3 வரை, அந்தக் கூட்டம் ஓயாமல் கிறிஸ்மஸ் வரைக்கும் கொண்டு போய்விடும். மேற்கே வரவர நமக்குக் கிறிஸ்மஸ்தான் பெரிய வியாபாரம். ரம்ஜான் வருஷத்துக்கு வருஷம் நகரும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடியில் இந்துக் கல்யாணம் இல்லை, தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணம் இல்லை. இந்தக் காலண்டரைத் தெரியாமல் ஒருவர் இங்கே கடை போட்டால் சரக்கு தேங்கும். நீ இங்கேயே பிறந்துவிட்டுச் சென்னையில் இருந்துகொண்டு இலையுதிர்காலத்துக்குத் துணி போடுகிறாய்!

அப்புறம் சைஸ். ஆறும் ஸ்மால். மாடலுக்குச் சரி. நம்ம கடையில் முதலில் தீருவது லார்ஜ், அடுத்தது எக்ஸ்.எல். பேட்டர்னைப் பெரிதாக்கும்போது நாலு பக்கமும் ஒரே அளவாகக் கூட்டாதே. தோள் அவ்வளவாக அகலாது, மாரும் கையும்தான் அகலும்.

இனி காரியத்துக்கு வருகிறேன். ஆறாவது உடுப்பில் பன்னிரண்டு பீஸ் கிறிஸ்மஸுக்குக் கடையில் வைக்கிறேன். ஸ்மால் ஒன்று, மீடியம் மூன்று, லார்ஜ் நாலு, எக்ஸ்.எல். மூன்று, டபுள் எக்ஸ்.எல். ஒன்று. கைக்குழியைத் திருத்தின பேட்டர்னை இந்த வாரமே அனுப்பு, துணியை நனைத்து அம்மா வெட்டித் தருவாள். தையல் கூலியை அவளுக்கும் கொடுக்க வேண்டும், மகள் என்று தள்ளுபடி இல்லையாம். சவேரியார் திருவிழாவுக்கு முன்னால் சரக்கு கடைக்கு வந்துவிட வேண்டும். விலை 2,400க்கு மேலே வேண்டாம். வாசல் பொம்மைக்கு ஒன்றைப் போட்டுவிடுகிறேன், அதை எப்படிக் கட்டி நிறுத்துவது என்று ஒரு வீடியோ எடுத்து அனுப்பு.

எந்த சைஸ் எப்போது போனது, எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று தனி நோட்டில் எழுதி வைக்கிறேன். உன் ரிப்போர்ட்டில் இல்லாத பக்கம் அது. ஜனவரி முதல் வாரத்தில் ஓடாத பீஸ் எல்லாம் உனக்கே திரும்பி வரும். கொரியர் காசு உன்னுது.

அப்பா